உங்கள் வீட்டு வெப்பத்தை அளக்கலாம், கம்ப்யூட்டரில் பதியலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்டர்நெட் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், லெட்டர் டைப் செய்கிறோம். ஸ்ப்ரெட்ஷீட் என்கிறார்களே, அது வீட்டில் நமக்கு எதற்கு?" கடை கணக்கு எழுதுபவர்களுக்கும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கும் மட்டுமே அது பயன்படும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படி இல்லை. நம்மை ஒவ்வொரு கோடையிலும் வாட்டி எடுக்கும் வெப்பத்தை அளந்து, கம்ப்யூட்டரில் பதிந்து, அதிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு நல்ல முடிவு எடுப்பது எப்படி என்று இங்கு பார்ப்போம். ஸ்ப்ரெட்ஷீட்டின் அடிப்படைகளையும் இதனுடன் சேர்த்தே கற்றுக் கொண்டுவிடலாம்.

எங்கள் வீட்டுக் கதை

நான் சென்னையில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். ஒரு மே மாதம் என் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கினார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. பத்து நாட்கள் சரியான தூக்கமில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தவுடன் தலை சுற்றி, கட்டிலைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் சென்றோம். மாத்திரைகளைச் சரி பார்த்தவர், "ராத்திரி எந்த ரூமில் படுக்கிறார்? அந்த ரூம் எவ்வளவு சூடு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மொபைலில் பார்த்து, "31 டிகிரி, சார்" என்றேன். "அது ஊருக்கு. உங்க ரூமுக்கு எவ்வளவு?" என்றார்.

அன்று மாலையே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். இரவு 10 மணிக்கு வெளியே 31.2 டிகிரி. அம்மா படுக்கும் அறையில் 35.1 டிகிரி. ஏறத்தாழ நான்கு டிகிரி கூடுதல். பகலெல்லாம் வெயில் வரக் கூடாது என்று ஜன்னலை மூடி வைத்திருந்தோம். இரவில் கொசு வரக் கூடாது என்று அதே ஜன்னலை மூடி வைத்திருந்தோம். குளிர்ந்த காற்றை வெளியே நிறுத்திவிட்டு, சூட்டை உள்ளே அடைத்து வைத்திருக்கிறோம் என்பது அந்த எண்ணைப் பார்த்த பிறகே புரிந்தது.

வானிலை நிலையம் எதை அளக்கிறது?

டிவியிலும் பேப்பரிலும் சென்னையின் வெப்பநிலை என்று இரண்டு எண்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று நுங்கம்பாக்கம், மற்றொன்று விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம். நுங்கம்பாக்கத்தில் 1792ல் மதராஸ் வானாய்வுக் கூடம் அமைந்தது. இன்றும் அதே பகுதியில்தான் மண்டல வானிலை மையம் இயங்குகிறது. சென்னையின் மிக அதிக வெப்பநிலையான 45 டிகிரி செல்சியஸ் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவானது.

இந்த நிலையங்களில் வெப்பநிலைமானி ஒரு வெள்ளை நிற மரப் பெட்டிக்குள் இருக்கும். பக்கங்களில் காற்று புகும்படி சாய்வான பலகைகள் உண்டு. வெயில் நேரடியாகப் படாது. தரையிலிருந்து ஏறத்தாழ நெஞ்சு உயரத்தில், திறந்த வெளியில் வைத்திருப்பார்கள். இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை. எல்லா ஊர்களிலும் ஒரே விதமாக அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஆக, நிலையம் சொல்வது அந்தத் திறந்த வெளியின் காற்று வெப்பநிலையை. அது தவறல்ல. ஆனால் நெருக்கமான சந்தில், கான்கிரீட் கூரைக்குக் கீழே, ஏசி மெஷின்களின் சூடான காற்றுக்கு நடுவே இருக்கும் உங்கள் வீட்டின் வெப்பம் அதுவல்ல. உங்கள் மொபைல் காட்டுவதும் உங்கள் தெருவில் அளந்தது அல்ல. பொதுவாக, அருகில் உள்ள நிலையங்களின் தகவலையும் கம்ப்யூட்டர் கணிப்பையும் கொண்டு இன்டர்நெட் வழியே வரும் எண்தான் அது. மொபைலுக்குள் இருக்கும் சென்சார் பேட்டரியின் சூட்டைச் சொல்லும். காற்றின் சூட்டை அல்ல.

இரவில்தான் நகரம் சூடு

நகரம் தன் சுற்றுப்புறக் கிராமங்களைவிடச் சூடாக இருப்பதை முதலில் அளந்து காட்டியவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். மருந்துப் பொருள் தயாரிப்பது இவர் தொழில். மேகங்களுக்கு இன்று நாம் பயன்படுத்தும் பெயர்களுக்கு வித்திட்டவரும் இவரே. 1818ல் லண்டனின் தட்பவெப்பம் பற்றி இவர் எழுதிய நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. லண்டன் நகருக்குள் இரவில் சராசரியாக 3.7 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று இவர் கண்டார். பகலிலோ நகரம் மிகச் சிறிதளவு குறைவாகவே இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதி வந்த எண்களிலிருந்து கிடைத்த முடிவு இது.

காரணம் எளிமையானது. கான்கிரீட்டும் தார்ச் சாலையும் பகலில் வெப்பத்தை வாங்கிச் சேமிக்கின்றன. சூரியன் மறைந்த பின் அதை மெதுவாக வெளியே விடுகின்றன. உயரமான கட்டடங்கள் நெருக்கமாக இருந்தால் அந்த வெப்பம் வானத்தை நோக்கிச் செல்ல வழி குறைகிறது. மரமும் ஈர மண்ணும் இருந்தால் நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி கிடைக்கும். அவையும் நகரில் குறைவு. வாகனங்களும் ஏசிகளும் தம் பங்குக்கு வெப்பத்தைக் கொட்டுகின்றன.

மொட்டை மாடி கூரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. மதியம் வாங்கிய சூடு கான்கிரீட் வழியாகக் கீழே இறங்கிவரச் சில மணி நேரம் ஆகும். நாம் படுக்கப் போகும் நேரத்தில் கூரை நம் மீது சூட்டை விட்டுக் கொண்டிருக்கும்.

இது வெறும் வசதிப் பிரச்னை அல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1995 ஜூலையில் வீசிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 700 பேருக்கும் மேல் கூடுதலாக இறந்தனர். பின்னர் நடந்த ஆய்வில், தனியாக வசித்தவர்கள், படுக்கையில் கிடந்த நோயாளிகள், கட்டடத்தின் மேல் தளத்தில் வசித்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் இருந்தது தெரிய வந்தது. நம் நாட்டில் ஆமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் பின் 2013ல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று தனிச் செயல் திட்டம் வகுத்தது. தமிழக அரசும் 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

என்னென்ன தேவை?

1. வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று படுக்கை அறைக்கு, ஒன்று வெளியே வைக்க.

2. கம்ப்யூட்டரில் ஏதேனும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம். எக்செல் இருந்தால் நல்லது. இல்லையெனில் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். அதில் கால்க் என்ற புரோகிராம் உள்ளது. இங்கு கால்க் அடிப்படையில் விளக்குகிறேன். எக்செல்லிலும் பார்முலாக்கள் இதே போலத்தான்.

3. தெர்மாமீட்டர் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு, பேனா. கம்ப்யூட்டரை அதற்காகத் தினமும் மூன்று முறை ஆன் செய்ய வேண்டியதில்லை.

வாங்கியவுடன் இரண்டு தெர்மாமீட்டர்களையும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் ஓர் இரவு வைக்கவும். காலையில் ஒன்று 30.4 என்றும் மற்றொன்று 31.0 என்றும் காட்டலாம். விலை குறைந்த கருவிகளில் இது சகஜம். இந்த 0.6 வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொள்ளவும். பின்னால் எண்களை டைப் செய்யும்போது, ஒன்றிலிருந்து இதைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே தராசு ஆகிவிடும்.

எங்கே மாட்டுவது?

இதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். வெளித் தெர்மாமீட்டரை மேற்குப் பக்க பால்கனிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். மாலை 4 மணிக்கு 44 டிகிரி காட்டியது. ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "நீ அளந்தது காற்றை இல்லை, உன் சுவரை" என்றார். அவர் சொன்னதே சரி. அந்த ஒரு வார எண்களை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன்.

* வெளித் தெர்மாமீட்டரில் எந்த நேரத்திலும் நேரடி வெயில் படக் கூடாது. வடக்குப் பக்க நிழல் நல்லது.
* சுவரை ஒட்டி வைக்காமல், ஒரு சாண் தள்ளிக் கயிற்றில் தொங்க விடவும். காற்று எல்லாப் பக்கமும் புக வேண்டும்.
* ஏசியின் வெளி மெஷின், சமையலறை ஜன்னல், எக்ஸாஸ்ட் பேன் அருகில் வேண்டாம்.
* மழை படாமல் இருக்க வேண்டும்.
* உள் தெர்மாமீட்டரைக் கட்டிலில் படுத்தால் தலை இருக்கும் உயரத்தில் வைக்கவும். டிவி, பிரிட்ஜ், குறிப்பாகப் புதிதாக வாங்கிய உங்கள் கம்ப்யூட்டரின் சிபியு மேல் வைக்க வேண்டாம். அது வெளிவிடும் சூட்டைத்தான் அளப்பீர்கள்.

பேன் போட்டும் எண் குறையவில்லையே என்று சிலர் கேட்பார்கள். பேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. நம் உடல் வியர்வையை உலர்த்துவதால் நமக்குத்தான் குளிர்ச்சி தெரிகிறது. தெர்மாமீட்டருக்கு வியர்ப்பதில்லை!

எப்போது அளப்பது?

தினமும் காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி. மூன்றும் முடியாதவர்கள் இரவை மட்டுமாவது விடாமல் எழுதவும். மிக முக்கியமானது, தினமும் அதே நேரத்தில் அளப்பது. ஒரு நாள் 9 மணிக்கும் மறுநாள் 11 மணிக்கும் எழுதினால் ஒப்பிட முடியாது. 14 நாட்கள் எழுதினால் போதுமான அளவு கிடைக்கும்.

ஒர்க் ஷீட் தயாரித்தல்

1. கால்க் புரோகிராமைத் திறக்கவும். கட்டம் கட்டமாகத் திரை தோன்றும். மேலே ஏ, பி, சி என ஆங்கில எழுத்துகள் நெட்டு வரிசைகளுக்குப் பெயர். இடது ஓரத்தில் உள்ள எண்கள் படுக்கை வரிசைகளுக்கு. ஏ வரிசையும் 1ம் சந்திக்கும் கட்டம் ஏ1. இதை செல் என்பார்கள்.

2. ஏ1ல் கிளிக் செய்து "தேதி" என டைப் செய்யவும். டேப் கீயை அழுத்தினால் அடுத்த செல்லுக்குச் செல்லும். பி1ல் "வெளியே", சி1ல் "உள்ளே", டி1ல் "வித்தியாசம்", இ1ல் "ஈரப்பதம்", எப்1ல் "அசௌகரிய எண்", ஜி1ல் "குறிப்பு" எனத் தலைப்புகள் கொடுக்கவும். தமிழில் டைப் செய்யத் தெரியாதவர்கள் ஆங்கிலத்திலேயே கொடுக்கலாம்.

3. கீழே ஷீட் 1 என்ற சிறிய டேப் இருக்கும். அதில் ரைட் கிளிக் செய்து, ரீநேம் ஷீட் தேர்ந்தெடுத்து "இரவு" என்று பெயர் கொடுக்கவும்.

4. 2ஆம் வரிசையில் முதல் நாளின் தேதி, வெளி வெப்பநிலை, உள் வெப்பநிலை, அறையின் ஈரப்பதம் ஆகியவற்றை டைப் செய்யவும். எண்ணுடன் டிகிரி, சதவீதம் போன்ற எதையும் சேர்க்க வேண்டாம். 35.1 என்றால் 35.1 மட்டுமே. எழுத்தைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாது, கணக்கும் வராது.

5. டி2 செல்லில் கிளிக் செய்யவும். கீ போர்டில் சமக்குறியை அழுத்தவும். பின் மவுஸால் சி2 செல்லில் கிளிக் செய்யவும். கழித்தல் குறியை அழுத்தவும். பி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். உள்ளே வெளியைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பது உடனே கிடைக்கும். பார்முலா என்பது இவ்வளவுதான்.

6. ஜி வரிசையில் அன்று நடந்ததை எழுதவும். "மழை", "ஜன்னல் திறந்தது", "ஏசி போட்டது", "கரன்ட் இல்லை" என இரண்டு சொற்கள் போதும். பின்னால் ஓர் எண் மட்டும் வித்தியாசமாகத் தெரிந்தால், காரணம் இங்கே இருக்கும்.

7. கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்திப் பைலை சேவ் செய்யவும். பைலுக்கு "வெப்பம்" என்று பெயர் கொடுக்கலாம்.

ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்ப்போம்

மதுரையில் 38 டிகிரி ஒரு விதம். சென்னையில் 38 டிகிரி வேறு விதம். கடற்கரை ஊர்களில் காற்றில் நீராவி அதிகம் என்பதால் வியர்வை உலர்வதில்லை. உடல் குளிர வழியில்லை. இந்திய வானிலைத் துறையும் வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளிக்குக் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி எனத் தனித்தனி அளவுகளை வைத்துள்ளது. அத்துடன் இயல்பைவிட எவ்வளவு கூடியுள்ளது என்பதையும் பார்க்கிறது.

வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் ஒரே எண்ணாகச் சொல்லப் பல வழிகள் உண்டு. அதில் எளிமையானது அசௌகரிய எண். அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த தாம் என்பவர் 1959ல் வெளியிட்ட முறையை ஒட்டியது. எப்2 செல்லில் கீழ்க்கண்டவாறு கொடுக்கவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும். அல்லது அந்தந்த இடத்தில் மவுஸால் செல்லைக் கிளிக் செய்தால் போதும்.

=சி2-0.55*(1-இ2/100)*(சி2-14.5)

இதில் நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு, சாய்கோடு வகுத்தலுக்கு. அடைப்புக்குறி ஒன்று விடுபட்டாலும் தவறு வரும். சரியாகக் கொடுத்தீர்களா என்று சோதிக்க, சி2ல் 34, இ2ல் 60 என டைப் செய்து பாருங்கள். எப்2ல் 29.71 என்று வர வேண்டும். வந்துவிட்டால் உங்கள் சொந்த எண்களை மீண்டும் கொடுக்கவும்.

இந்த எண் 27ஐத் தாண்டினால் பெரும்பாலோர் அவதிப்படுவர். 29க்கு மேல் எல்லாருக்கும் கடும் சிரமம். 32க்கு மேல் சென்றால் அது உடலுக்கு ஆபத்தான நிலை. நம் உடல் வெப்பத்துக்கு ஓரளவு பழகியது என்பதால் இதைத் துல்லியமான கோடாக எடுத்துக் கொள்ள வேண்டாம். எந்த இரவு மோசம் என்று ஒப்பிடப் பயன்படுத்தவும். எங்கள் வீட்டின் முதல் இரவில் 35.1 டிகிரி, ஈரப்பதம் 62. கணக்கிட்டால் 30.79. அம்மாவுக்குத் தூக்கம் வராததில் என்ன ஆச்சரியம்?

இப்போது டி2 செல்லில் கிளிக் செய்யவும். செல்லின் கீழ் வலது மூலையில் ஒரு சிறிய கறுப்புச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் பார்முலா அடுத்தடுத்த வரிசைகளுக்கும் தானாக மாறிச் செல்லும். எப்2க்கும் இப்படியே செய்யவும். எண்கள் உள்ள வரிசை வரை மட்டும் இழுக்கவும். காலி வரிசையில் இழுத்தால் 0 என்றும் 8க்கு அருகிலும் பொய்யான விடைகள் வந்து, சராசரியைக் கெடுத்துவிடும்.

காலை, மதியம் அளவுகளுக்குத் தனி ஷீட் வேண்டும். கீழே உள்ள "இரவு" டேபில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி ஷீட் தேர்ந்தெடுத்து, காப்பி என்பதைத் தேர்வு செய்து, புதிய பெயர் கொடுத்து ஓகே தரவும். பார்முலாக்களும் சேர்ந்தே வந்துவிடும். இரவு எண்களை மட்டும் அழித்துவிட்டுப் புதிய எண்களை டைப் செய்யவும்.

சராசரியும் சார்ட்டும்

14 நாட்கள் முடிந்ததும் எண்கள் 2 முதல் 15 வரையான வரிசைகளில் இருக்கும். டி17 செல்லில் சமக்குறி போட்டு, ஆவரேஜ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக்குறியைத் திறக்கவும். மவுஸால் டி2 முதல் டி15 வரை இழுக்கவும். அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டவும். சராசரி வித்தியாசம் தயார்.

அடுத்து ஏ1ல் தொடங்கி சி15 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கவும். மேலே இன்சர்ட் மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்யவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் லைன் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து பினிஷ் அழுத்தவும். வெளி வெப்பம் ஒரு கோடாகவும் உள் வெப்பம் ஒரு கோடாகவும் வரும்.

இப்போது மூன்று ஷீட்டுகளையும் பாருங்கள். மதியம் உள்ளே குறைவாகவும், இரவில் உள்ளே அதிகமாகவும் இருந்தால் உங்கள் கூரையும் சுவரும் பகல் சூட்டைச் சேர்த்து வைத்து இரவில் விடுகின்றன. இரவும் காலையும் வெளியே குறைவு என்றால், மாலைக்குப் பின் ஜன்னல்களைத் திறப்பதே முதல் மருந்து. எல்லா நேரமும் இரு கோடுகளும் ஒட்டியே சென்றால் உங்கள் வீட்டில் காற்றோட்டம் நன்றாக உள்ளது. சூடு தெருவில் இருந்து வருகிறது.

ஒரு மாற்றம் செய்து, மீண்டும் அளக்கவும்

நாங்கள் முதலில் செய்தது ஜன்னல்களுக்குக் கொசு வலை அடித்தது. மாலை 7 மணிக்கு மேல் திறந்துவிட்டோம். அம்மாவின் கட்டிலைக் கிழக்கு ஜன்னல் உள்ள ஹாலுக்கு மாற்றினோம். அவருக்குத் தூக்கம் வரத் தொடங்கியது. ஆனாலும் படுக்கை அறையில் 14 இரவுகளின் சராசரி வித்தியாசம் 3.1 டிகிரி இருந்தது. கூரைதான் காரணம் என்று தோன்றியது.

மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கலாமா என்று வீட்டு ஓனரிடம் கேட்டேன். "தம்பி, சென்னையில சூடில்லாத வீடு எங்க இருக்கு?" என்று சிரித்தார். சார்ட்டைப் பிரின்ட் எடுத்துக் கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தவர், "இது எங்க வீடா?" என்று கேட்டார். பிறகு, பாதிச் செலவை அவரே ஏற்றுக் கொண்டார். மாடியைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தோம்.

அடுத்த 14 இரவுகளுக்கு "இரவு பின்" என்று புதிய ஷீட் போட்டேன். சராசரி வித்தியாசம் 1.7 ஆகக் குறைந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்கவும். நான் உள் வெப்பத்தை மட்டும் ஒப்பிடவில்லை, வித்தியாசத்தை ஒப்பிட்டேன். வெள்ளை அடித்த வாரத்தில் மழை பெய்தால் உள்ளே தானாகவே குறையும். அதைப் பார்த்துச் சுண்ணாம்பின் புகழ் பாடினால் தவறு. வெளியே வைத்த இரண்டாவது தெர்மாமீட்டர் அதற்குத்தான். அதே போல் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யவும். கொசு வலை, வெள்ளை, திரைச் சீலை மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

வெள்ளைக் கூரை புதிய யோசனை அல்ல. வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023ல் இதற்கெனக் குளிர் கூரைக் கொள்கையே வெளியிட்டது. சுண்ணாம்பு மழையில் கரையும், தூசியில் மங்கும் என்பதால் கோடைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டி வரும்.

வீட்டிலிருந்து தெருவுக்கு

ஒரே தெருவில் ஐந்து வீட்டார் இப்படி அளந்தால் அது ஒரு சிறிய வானிலை வலைப்பின்னல். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 2008ல் இப்படித்தான் நகரெங்கும் 40 நிலையங்கள் அமைத்தனர். அவற்றில் பெரும்பாலானவற்றை டிராபிக் சிக்னல் கம்பங்களிலேயே பொருத்தினர்.

சாட்டிலைட் படங்களைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். லேண்ட்சாட் போன்ற சாட்டிலைட்டுகள் தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்புச் சூட்டைப் பகலில் படம் பிடிக்கின்றன. எந்தப் பகுதியில் மரம் குறைவு என்று அறிய அது உதவும். உங்கள் படுக்கை அறையின் இரவுச் சூட்டை அது சொல்லாது.

மரம் நட வேண்டும், பஸ் ஸ்டாப்பில் நிழல் வேண்டும் என்று மனுக் கொடுக்கும்போது, "ரொம்பச் சூடாக இருக்கிறது" என்பதைவிட, தேதி வாரியான ஒரு ஒர்க் ஷீட்டை இணைத்துக் கொடுப்பது வலுவானது. எங்கே, எந்த உயரத்தில், எந்த நேரத்தில் அளந்தது என்பதையும் மறக்காமல் எழுதவும்.

கவனிக்க வேண்டியவை

அளப்பதற்காக யாரும் வெயிலில் நிற்க வேண்டாம். வெப்பத்தில் இருந்தவர் குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ, உடல் கொதித்தாலோ உடனே 108க்கு போன் செய்யவும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறவும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கோடை தொடங்கும் முன் ஒரு முறை டாக்டரைப் பார்ப்பது நல்லது. மாத்திரையை நாமாக மாற்றக் கூடாது.

இன்று இரவு 10 மணிக்கே தொடங்கிவிடலாம். வீட்டில் வயதானவர்கள் எந்த அறையில் படுக்கிறார்களோ, அந்த அறையில் முதல் தெர்மாமீட்டரை வைக்கவும். முதல் எண்ணை எழுதியவுடன் அடுத்த எண் என்ன என்று பார்க்கும் ஆர்வம் தானாக வந்துவிடும். இப்போது எங்கள் வீட்டில் நான் மறந்தாலும் அம்மா விடுவதில்லை. ஊரிலிருந்து போன் செய்து, "பத்து மணி ஆச்சே, எழுதினியாடா?" என்று கேட்கிறார். ஊர் வீட்டில் அவருக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர் சொல்லும் எண்ணுக்கு என் ஒர்க் ஷீட்டில் தனியாக ஒரு ஷீட் உண்டு.